உம் … ட்ஸு: ஜெர்மன்காரர்களின் ‘செய்ய’

ஜெர்மன் படிக்கிறவர்கள் அரிச்சுவடியைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனதும் ‘உம் … ட்ஸு’ வந்து நிற்கும். ‘ஏர் கேட் இன் டி ஷ்டட், உம் ப்ரோட் ட்ஸு கௌஃபென்’, அதாவது ரொட்டி வாங்க அவன் டவுனுக்குப் போகிறான். ‘உம்’ தொடரைத் திறந்து வைக்கும், வாங்கும் பொருள் நடுவில் உட்காரும், ‘ட்ஸு’ கடைசி வினைக்கு முன்னால் வந்து நிற்கும். நாம் ‘வாங்க’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிற வேலைக்கு இத்தனை ஏற்பாடு.

இதில் ‘ட்ஸு’ நமக்கு அந்நியமே இல்லை. அதன் அடிப்படைப் பொருள் நம் நான்காம் வேற்றுமை ‘கு’ தான். பழைய ஜெர்மனில் வினையைப் பெயராக்கி, அதற்கு நான்காம் வேற்றுமை உருபு சேர்த்து, முன்னால் இந்தச் சொல்லை வைத்தார்கள். நாம் ‘வாங்குவது’ என்று பெயராக்கி ‘வாங்குவதற்கு’ என்பதைப் போலத்தான். காலப்போக்கில் அந்த உருபு தேய்ந்துபோய் வெறும் வினை வடிவம் மிஞ்சியது.

‘உம்’ வந்த வழி வேறு. முதற்பொருள் ‘சுற்றி’. அதிலிருந்து ‘ஒன்றைக் குறிவைத்து’ என்ற பொருளும் கிளைத்தது, உதவி கேட்டுக் கூப்பிடுவதற்கு இன்றும் ‘உம் ஹில்ஃப ரூஃபென்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘தண்ணீருக்காகப் போனான்’ என்பதில் தண்ணீரோடு சேர்ந்திருந்த ‘உம்’, பின்னால் ‘கொண்டுவர’ என்றொரு வினையும் ஒட்டிக்கொண்டபோது தண்ணீரை விட்டு நகர்ந்து மொத்தத் தொடருக்கும் தலைவாசலாகிவிட்டது.

இலக்கணப் பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. ‘இன்ஃபினிடிவ்’ என்பதும், நோக்கத் தொடருக்கு அவர்கள் வைத்த ‘ஃபினால்ஸட்ஸ்’ என்பதும் ‘ஃபீனிஸ்’ என்ற ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். அதற்கு எல்லை என்றும் பொருள், இலக்கு என்றும் பொருள். ஆள், எண் என்ற எல்லைக்குள் அடங்காத வினை முதலாவது, இலக்கைச் சொல்லும் வாக்கியம் இரண்டாவது.

சரி, இந்த ‘உம் … ட்ஸு’ அமைப்புக்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது? ‘வாங்க’, ‘பெய்ய’ மாதிரி வடிவங்களுக்கு நம் இலக்கணம் வைத்த பெயரான ‘செயவெனெச்சம்’ என்று உடனே சொல்லிவிடலாம்தான், ஆனால் அது அளவில் பெரிய சட்டை. ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ என்றால் காரணம், ‘சூரியன் உதிக்க வந்தான்’ என்றால் உடனிகழ்ச்சி, ‘நெல் விளைய மழை பெய்தது’ என்றால் காரியம், மூன்றும் செயவெனெச்சமே. ‘உம் … ட்ஸு’ முதல் இரண்டின் பக்கமே போகாது. நன்னூல் எதிர்காலத்துக்கு ஒதுக்கிய வான், பான், பாக்கு ஈற்று எச்சங்கள் இன்னும் நெருக்கம், அவற்றின் வேலையே நோக்கம் சொல்வதுதான். ஆனால் காண வந்தான் என்ற பொருளில் ‘காண்பான் வந்தான்’ என்று இன்று யாரும் பேசுவதில்லை என்பதால் ‘நோக்க எச்சம்’ என்பதே என் தேர்வு.

நாம் உண்மையில் சறுக்குகிற இடம் வினைமுதல், அதாவது வினையைச் செய்கிறவர். ‘குழந்தை தூங்கத் தாலாட்டுப் பாடினாள்’ என்பதில் தூங்குவது ஒருவர், பாடுவது இன்னொருவர், தமிழுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. தொல்காப்பியமே செய்து, செய்யூ, செய்பு என்ற மூன்றுக்குத்தான் ‘வினைமுதல் முடிபின’ என்று, அதாவது எச்சத்தையும் முடிக்கும் வினையையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்று, கட்டுப்பாடு போடுகிறது, செய்யிய, செய முதலான மற்றவற்றை விட்டுவிடுகிறது. ஜெர்மனிலோ ‘உம் … ட்ஸு’வுக்கே அந்தக் கட்டுப்பாடு உண்டு. ‘ஸீ ஸிங்ட், உம் ட்ஸு ஷ்லாஃபென்’ என்று சொன்னால் அவள் பாடுவது தானே தூங்குவதற்காக என்றாகிவிடும். குழந்தை தூங்க வேண்டுமானால் நோக்கம் சொல்லும் இணைப்புச் சொல்லான ‘டமிட்’ போட்டு, குழந்தையை எழுவாயாக வைத்து, வினையையும் அதற்கேற்பத் திருப்ப வேண்டும்: ‘ஸீ ஸிங்ட், டமிட் டஸ் கின்ட் ஷ்லேஃப்ட்’.

குறளில் தலைவி ஊடலாக இருக்கும்போது தலைவன் வேண்டுமென்றே தும்முகிறான், ‘யாம்தம்மை நீடுவாழ் கென்பாக் கறிந்து’, அதாவது ‘நீடு வாழ்க’ என்று நான் சொல்வதற்காக, என்கிறாள் அவள் (1312). தும்முகிறவன் அவன், வாழ்க என்று சொல்ல வேண்டியவள் அவள், நடுவில் ஒரு ‘பாக்கு’ போதுமானதாக இருக்கிறது. அந்த நோக்கத்தை ஜெர்மனில் சொல்லப்போனால் ‘டமிட்’ இல்லாமல் ஆகாது.

அப்புறம், முன்னொட்டு தனியே பிரிந்து நிற்கக்கூடிய பிரிநிலை வினைகளில் ‘ட்ஸு’ உள்ளே புகுந்துகொள்ளும்: ‘ஐன்கௌஃபென்’ (கடையில் சாமான் வாங்குவது) என்பது ‘ஐன்ட்ஸுகௌஃபென்’ ஆகும், சேர்த்தே எழுத வேண்டும். ‘வேண்டும், விரும்பு’ என்ற பொருளுள்ள துணைவினையை நோக்கத் தொடருக்குள் போடாதீர்கள், விருப்பம் அந்த அமைப்பிலேயே இருக்கிறது.

இன்னொன்று, நோக்கமே இல்லாத ‘உம் … ட்ஸு’வும் உண்டு. ‘அமெரிக்கா போனான், உம் அங்கே ட்ஸு சாக’ என்கிற மாதிரி எழுதுவார்கள். சாகவேண்டும் என்று யாரும் கப்பல் ஏறுவதில்லை, போன இடத்தில் செத்துப்போனான் என்பதுதான் சேதி. அதை ‘சாவதற்காக’ என்று தமிழாக்கினால் கதையே மாறிவிடும், ‘அமெரிக்கா போய் அங்கேயே செத்தும் போனான்’ என்று எழுத வேண்டியதுதான்.