காரம் ஏன் கசக்கிறது?

"மாமா, காரம் கசக்கும்னு போட்டிருக்கு. மிளகாய் கசக்குமா?" என்று அக்கா மகள் அறிவியல் புத்தகத்தோடு வந்து நின்றாள். புத்தகத்தில் தப்பில்லை. அது சொல்வது மிளகாய்க் காரத்தை அல்ல, அமிலத்துக்கு எதிர்க்கட்சியான வேதிப்பொருளை. குளிக்கும்போது சோப்பு நுரை வாய்க்குள் போனவர்களுக்கு அந்தக் கசப்பு தெரியும். என்னைக் கடுப்பேற்றியது அடுத்த வரி: "நீரில் கரையும் காரங்கள் எரிகாரங்கள் எனப்படும்." இந்த எரிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிகிறது.

அமிலத்தில் சிக்கல் இல்லை. வடமொழி ஆம்லம், அதாவது புளிப்பு. ஆசிட் என்பதும் லத்தீனில் புளிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். இதைத் தூக்கிவிட்டுக் காடி என்று வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. வினிகருக்குக் காடி நல்ல பெயர். கந்தக அமிலத்தைக் கந்தகக் காடி என்றால் எனக்கு ஊறுகாய் ஜாடிதான் நினைவுக்கு வருகிறது, விட்டுவிடலாம்.

காரம், வடமொழி க்ஷாரம். சாம்பலைத் தண்ணீரில் கரைத்து வடித்துக் காய்ச்சி எடுக்கிற பொருள். அரபியில் அல்-கலி என்றாலும் செடிச் சாம்பல்தான், நீரில் கரையும் காரத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற ஆல்கலி அங்கிருந்து வந்தது. ஆக காரமும் ஆல்கலியும் ஒரே அடுப்பில் பிறந்த சொற்கள், இதைவிடப் பொருத்தமான இணை கிடைக்காது. வெங்காரம், சவுக்காரம், அப்பளக்காரம் என்று வீட்டுச் சாமான்களின் பெயரிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. (படிகாரம் மட்டும் ஏமாற்றும், அதன் கரைசல் அமிலத்தன்மை உடையது.) வெள்ளைச் சட்டையில் பட்ட குழம்புக் கறையில் சவுக்காரத்தைத் தேய்த்தால் மஞ்சள் சட்டென்று ரத்தச் சிவப்பாகிறதே, அது காரம் செய்கிற வேலை. எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டுச் சிவக்க வைப்பதும் இதேதான்.

இப்படி நன்றாக இருந்த சொல்லை எடுத்து, நீரில் கரைவது கரையாதது எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் சொல்கிற பேஸ் (base) என்பதற்குக் கொடுத்துவிட்டார்கள். வினை அங்கே தொடங்குகிறது. ஆல்கலிக்குப் பெயர் இல்லாமல் போகவே காரத்துக்கு முன்னால் ஒரு 'எரி' ஒட்டினார்கள். எரி என்பது ஏற்கெனவே வேலையில் இருக்கிற சொல். எரிசோடா என்றால் தோலை அரிக்கிற காஸ்டிக் சோடா, கை வைக்காதே என்ற எச்சரிக்கை அதிலேயே இருக்கிறது. இப்போது நீரில் கரைந்தால் போதும், எரிகாரம். அந்தக் கணக்கில் ஆப்பத்துக்குப் போடுகிற சோடா உப்பும் எரிகாரம் ஆகிறது! சரி, இதையாவது ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்களா? சோடியம், பொட்டாசியம் வகைக்கு ஆல்கலி உலோகங்கள் என்று பெயர், அதைத் தமிழில் 'கார உலோகங்கள்' என்றுதான் எழுதுகிறார்கள், எரிகார உலோகங்கள் என்று ஒருவரும் எழுதக் காணோம். ஆக ஒரே பாடத்தில் காரம் ஓரிடத்தில் பேஸ், இன்னோரிடத்தில் ஆல்கலி. டி.என்.ஏ. பாடத்துக்குப் போனால் அங்கே 'நைட்ரஜன் காரங்கள்' வேறு.

பேஸ் என்ற சொல்லை வேதியியலுக்குக் கொண்டுவந்தவர் ரூயேல் என்ற பிரெஞ்சுக்காரர், 1754-இல். அமிலத்தோடு சேர்ந்து உப்பாகிற பொருள், உப்புக்கு அடித்தளம், அவ்வளவுதான் அவர் சொன்னது. கரைகிறதா என்பது அங்கே பேச்சே இல்லை. கறுப்புத் தூளான காப்பர் ஆக்சைடு தண்ணீரில் கரையாது. நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டுச் சூடாக்கினால் நீலநிறக் கரைசலாகி மயில்துத்தம் கிடைக்கிறது. அந்த உப்புக்கு மூலம் இந்தக் கறுப்புத் தூள். அதனால் பேஸுக்கு உப்புமூலம் என்பதே சரியான சொல். நான் கண்டுபிடித்ததில்லை, முன்பே புழங்கியதுதான். இலங்கைப் பாடநூல்களில் பேஸுக்கு மூலம், ஆல்கலிக்குக் காரம் என்று பிரித்துவிட்டார்கள், குழப்பமே இல்லை. மூலம் என்று மொட்டையாகச் சொன்னால் நம் ஊரில் ஆசனவாய் நோய் ஞாபகம் வரும், அதனால் முன்னால் உப்பு இருக்கட்டும் என்கிறேன். நீளம் என்பார்கள். ஒளிச்சேர்க்கை மட்டும் குட்டைச் சொல்லா என்ன?

வெறும் சொல் சண்டை என்று நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சல் என்று போனால் "காரத்தைக் குறைங்க" என்கிறார் மருத்துவர். அவர் எழுதித் தருகிற மருந்தில் இருப்பது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, அதாவது இன்றைய பாடநூல் தமிழில் காரம்! தண்ணீரில் சொற்பமாகவே கரைகிற அந்த மாவுக் குழம்பை உப்புமூலம் என்று சொல்லிப் பாருங்கள், சாப்பாட்டுக் காரமும் மருந்தும் தனித்தனியாக நிற்கும். இது போதாதென்று 'ஆல்கலைன் வாட்டர்' என்ற ஆங்கிலத்தை அப்படியே தமிழில் கொட்டுகிறவர்கள் 'காரத்தன்மை மிக்க குடிநீர்' என்று துண்டுச்சீட்டு அடித்து விடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி அதைப் படித்துவிட்டு, அல்சர்காரர்கள் குடிக்கலாமா என்று கேட்டார். கேன் கொண்டுவந்த பையனுக்குப் பதில் தெரியவில்லை.

அக்கா மகளிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பரீட்சையில என்ன எழுதட்டும்?" என்றாள்.

எரிகாரம் என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். மார்க் போனால் அக்கா என்னைத்தான் திட்டுவாள்.