சேற்றுக்குள் மூச்சு விடும் கல்வாழை

மிளகாய்க் கன்று வெள்ளத்தில் நின்றால் என்ன ஆகும் என்று தோட்டம் செய்பவர்களுக்குத் தெரியும். மழை விட்டு வெயில் எறித்ததும் இலை தொங்கிவிடும். காலடியில் அவ்வளவு தண்ணீர் நிற்கும்போது தாகத்தில் வாடுவது விசித்திரம்தான், ஆனால் நடப்பது அதுவேதான். தண்ணீரை உறிஞ்ச வேருக்குச் சக்தி வேண்டும், சக்திக்கு ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் கிடைத்தால் ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து வேர்க்கலம் 30 அளவில் ஏ.ரி.பி. (கலம் சக்தியாகச் செலவிடும் பொருள்) மூலக்கூறுகளை எடுக்கும். கிடைக்காவிட்டால் 2 மட்டுமே. சக்தி குறைந்து கலத்துக்குள் அமிலம் கூடும்போது தண்ணீர் நுழையும் நுண்வாயில்கள் மூடிக்கொள்கின்றன.

அதே சேற்றில் வேரை ஊன்றிக்கொண்டு கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கிறது. எங்கள் திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீட்டு முற்றத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி மீன் வளர்ப்பவர்கள் கரையில் எதை நடலாம் என்று கேட்டால் என் முதல் பதில் கல்வாழைதான். தாமரைக்கு இடம் வேண்டும். ஆகாயத்தாமரையை வீட்டுக்குள் விடவே கூடாது, அது வடிகால் வழியே தப்பினால் குளத்தையே மூடிவிடும்.

தண்ணீரில் ஒட்சிசன் எவ்வளவு குறைவு என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். ஒரு லீற்றர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் உண்டு. நம்மூர் வெப்பத்தில், அதாவது 30 பாகையில், ஒரு லீற்றர் தண்ணீர் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம்தான் பிடித்து வைத்திருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் வேகம். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஒட்சிசன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. எனவே மண் நீரில் மூழ்கிய ஓரிரு நாளுக்குள் அங்குள்ள பற்றீரியாக்கள் இருந்ததை எல்லாம் தீர்த்துவிடும், புதிதாக வந்து சேராது. பிறகு அவை ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றையும், அடுத்து மங்கனீசையும் இரும்பையும், கடைசியில் சல்பேற்றையும் பயன்படுத்தத் தொடங்கும். தொட்டிச் சேற்றைக் கிளறினால் வரும் கூழ்முட்டை நாற்றம் அந்தக் கடைசிக் கட்டத்தில் பிறக்கும் ஐதரசன் சல்பைட்டு. கரைந்த நிலையில் இருக்கும் இரும்பும் இந்த வாயுவும் வேருக்கு நஞ்சு.

கல்வாழை இதைச் சமாளிக்கும் விதத்தை ஒரு பழைய இலையை வெட்டிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். அடிப்பக்கத்து நடுநரம்பைக் குறுக்கே அறுத்தால் உள்ளே வரிசையாக ஓட்டைகள் தெரியும். அந்தத் துண்டைத் தண்ணீருக்குள் பிடித்து மெல்ல அமத்துங்கள், வெட்டுவாயால் குமிழி குமிழியாகக் காற்று வரும். இந்தக் காற்றுக் குழாய்கள் இலையிலிருந்து தண்டு வழியே சேற்றுக்குள் கிடக்கும் வேர்த்தண்டுக்கிழங்குக்கும் அங்கிருந்து வேருக்கும் போகின்றன. நிலாவெளிக் கடலில் உள்ள புறாத்தீவில் வாயில் குழாயை வைத்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பவளப்பாறை பார்ப்பார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடு.

வேருக்குள் இந்த அறைகள் உருவாகும் விதம் இன்னும் சுவையானது. எல்லா வேரும் எதிலீன் என்ற வாயுவைச் சிறிது வெளிவிடும். உலர்ந்த மண்ணில் அது காற்றோடு போய்விடும், நீர் சூழ்ந்தால் போக வழியின்றி வேருக்குள்ளேயே தேங்கும். அப்படித் தேங்குவதுதான் வெள்ளம் வந்துவிட்டது என்ற செய்தி. உடனே வேரின் நடுப்பட்டையில் சில கலங்கள் தாமாகவே செத்துக் கரைந்து இடம் விடுகின்றன. அந்த வெற்றிடமே காற்றறை.

மேலிருந்து இறங்கும் ஒட்சிசனில் கொஞ்சம் இளவேரின் நுனிப்பக்கத்தால் சேற்றுக்குள் கசிகிறது. வீணாகிறது என்று நினைக்க வேண்டாம். அது வேரை ஒட்டி வரும் நச்சு இரும்பைத் துருவாக்கி அங்கேயே நிறுத்திவிடுகிறது. தொட்டிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் கரிய சேற்றுக்குள்ளிருந்து வரும் வேர்களில் செம்மஞ்சள் பூச்சு இருப்பது இதனால்தான். அழுகல் என்று நினைத்து அதைக் கழுவித் தேய்ப்பவர்கள் உண்டு. சும்மா விடுங்கள்.

மீன் வளர்ப்பவருக்கு இந்தக் கசிவால் இன்னொரு இலாபம். மீன் கழிவில் வரும் அமோனியாவை வேரோரத்துப் பற்றீரியாக்கள் ஒட்சிசனைக் கொண்டு நைத்திரேற்றாக்கும். சில மில்லிமீட்டர் தள்ளி, காற்றில்லாத சேற்றில், வேறு பற்றீரியாக்கள் அதை நைதரசன் வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும். மீதியைச் செடி உறிஞ்சும். பச்சைப்பாசிக்குத் தீனி குறையும். கழிவுநீர் சுத்திகரிக்கக் கட்டும் செயற்கைச் சதுப்புகளில் பல நாடுகளில் கல்வாழை நடுவதற்கும் இதுவே காரணம்.

சரி, நடுவது எப்படி? கடற்கரை மணல் சரிவராது. அதில் சத்து நிற்காது, செடியும் சாய்ந்துவிடும். தம்பலகாமம் பக்கத்து வயல்மண் கொஞ்சம் கிடைத்தால் நல்லது. துளையுள்ள பூச்சாடியில் உரப்பைத் துண்டை விரித்து, மண் நிரப்பி, கிழங்கைப் படுக்கையாக வைத்து, மீன் கிளறாதபடி மேலே சிறுகற்களைப் பரப்புங்கள். தொட்டியோரப் படியில் முதலில் தண்ணீர் சாடியின் மண்மட்டத்தில் நிற்கட்டும். தரையில் வளர்ந்த பழைய வேர்களில் காற்றறை போதாது, அவற்றில் பல செத்துத்தான் போகும். புது வேர் வரும்வரை ஓரிரண்டு இலை மஞ்சளானால் பதறி உரம் போட வேண்டாம். புதுக் குருத்து விரிந்த பிறகு மண்ணுக்கு மேல் நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி இறக்கலாம். அரை நாளாவது நேர்வெயில் வேண்டும், இல்லாவிட்டால் இலை மட்டும்தான்.

நம்மூரில் கல்வாழைக்கு உண்மையான எதிரி உப்பு. ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் சனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். மே மாதத்திலிருந்து கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று) அடிக்கும்போது தொட்டி நாளுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் வற்றும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். குறைந்ததை உவர்க்கிணற்றுத் தண்ணீரால் நிரப்ப நிரப்ப உப்பு ஏறிக்கொண்டே போகும், இலையோரம் கருகத் தொடங்கும். மேலே நிரப்பிக்கொண்டிருப்பதைவிடக் கால்பங்கை இறைத்து வெளியே ஊற்றிவிட்டு நல்ல தண்ணீர் விடுவது மேல். இறைத்த தண்ணீர் தென்னைக்குப் போகட்டும், அது கொஞ்சம் உவரைத் தாங்கும். நுளம்புக்குத் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு கப்பி மீன் போதும், சாடிகளுக்கு இடையிலும் அவை புகுந்து குடம்பியைத் தின்னும். மீன் இல்லாமல் தண்ணீர் தேங்கும், பூச்சாடிக்கு அடியில் வைக்கும் தட்டுத்தான் ஆபத்து.

பூவைப் பற்றியும் ஒரு சொல். நாம் இதழ் என்று ரசிப்பவை உண்மையில் மலட்டுக் கேசரங்கள், அதாவது மகரந்தம் தராத ஆண் உறுப்புகள். அசல் இதழ்கள் ஒடுங்கிப்போய் அடியில் நிற்கும். மகரந்தம் தருவது ஒரேயொரு கேசரம், அதிலும் பாதிதான். மறுபாதி இதழ்போல விரிந்துவிடும்.

பூத்து ஓய்ந்த தண்டு திரும்பப் பூக்காது, வெட்டிவிடலாம். ஆனால் எந்த உயரத்தில் வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். சம்பு என்ற நீர்க்கோரை மண்டிய குளங்களில் அதை ஒழிக்கத் தண்டை நீர்மட்டத்துக்குக் கீழே அறுப்பார்கள். காற்றுவழி அடைபட்டுக் கிழங்கு மூச்சுமுட்டிச் செத்துவிடும். கல்வாழைக்கும் அதே குழாய்தான். மாரி தொடங்கினால் தொட்டி ஒரே இரவில் ஒரு சாண் ஏறும், ஆகவே ஐப்பசியில் வெட்டுகிறவர்கள் தண்ணீருக்கு மேல் ஒரு முழமாவது விட்டு வெட்டுங்கள். எல்லாத் தண்டையும் ஒரே நாளில் வெட்டாமல் இலையுள்ள நாலைந்தை நிற்க விடுங்கள்.