முதுகில் வருவது முகப்பருவா?

'மார்பு, முதுகு, தோள்களில் ஏற்படும் முகப்பருவை நீக்குகிறது.' ஒரு பாடி வாஷ் புட்டியில் இப்படி அச்சிட்டிருக்கிறார்கள். காணொளிகளிலும் அழகுக் குறிப்புகளிலும் இதே பேச்சுதான்: முதுகு முகப்பரு, உடல் முகப்பரு. எழுதியவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் இது அச்சுக்கே போயிருக்காது.

பரு என்பது நேரான பழைய சொல். பருத்து எழுவது பரு. பருமன், சோற்றுப் பருக்கை எல்லாம் அதே வேர். ஆக்னி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம், முனை அல்லது உச்சி எனப் பொருள்படும் 'அக்மே' என்ற கிரேக்கச் சொல். பழைய மருத்துவ நூல் ஒன்றைப் படியெடுத்தவர் எழுத்தை மாற்றிவிட்டதால் அது 'அக்னே' ஆயிற்று என்கின்றன அகராதிகள். இரண்டு சொல்லிலும் முகம் கிடையாது. முகத்தில் அதிகம் வருவதால் நாம் முகப்பரு என்றோம், அகராதிக்காரர்கள் ஆக்னி என்றாலே முகப்பரு என்று எழுதி வைத்தார்கள், மொழிபெயர்ப்பவர்கள் அதை அப்படியே எடுத்து முதுகில் ஒட்டிவிட்டார்கள்.

சரி, இதற்கு மாற்றாகச் சிலர் 'உடற்பரு' என்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சொல் சரியில்லை. உடல் எடை கூடுவதற்கு 'உடற்பருமன்' என்ற சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. 'உடற்பரு குறைய' என்று ஒரு தலைப்பைப் பார்க்கிறவர் எடை குறைக்கும் குறிப்பு என்றுதான் நினைப்பார். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அதோடு முகமும் உடலில்தானே இருக்கிறது? முகம் நீங்கலான உடல் என்ற பாகுபாடு கிரீம் விற்பவர்களுடையது, நம் பேச்சில் இல்லை. தமிழுக்கு இதில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணிமையில் வந்தால் கண்கட்டி. அதே வழியில் முதுகுப் பரு, மார்புப் பரு, தோள் பரு என்று இடத்தைச் சொன்னால் போதும். பொதுவாகச் சொல்ல 'பரு' ஒன்றே போதும். 'முதுகெல்லாம் பரு' என்று வீட்டில் சொன்னால் யாருக்குப் புரியாது?

இதைவிடக் கெடுதலானது 'பூஞ்சை முகப்பரு' என்ற சொல். இது இரண்டு மடங்கு தவறு. மலசீசியா என்ற பூஞ்சையால் மயிர்க்கால்களில் வரும் அழற்சி இது. பரு அல்ல, பெரும்பாலும் முகத்திலும் வராது. முதுகிலும் மார்பிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாகக் கிளம்பும், அரிக்கும். பருவுக்கான மருந்து இதைத் தீர்க்காது, கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து வேண்டும். பெயரில் பரு இருப்பதால் ஜனங்கள் பரு மருந்தையே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருக்கிறார்கள். நம்மிடம் 'குரு' என்ற சொல் இருக்கிறது. வேர்க்குருவில் இருப்பது அதுதான். பொடியாக வந்து அரிப்பதைப் 'பூஞ்சைக் குரு' என்றால் மருந்து தப்பாகிப் போகாது. மலையாளத்தில் முகப்பருவையே முகக்குரு என்பார்கள், ஆனால் தமிழில் குரு என்றதும் வேர்க்குருதான் நினைவுக்கு வருகிறது. அந்த வேறுபாடு இங்கே நமக்கு உதவும்.

அடுத்தது கரும்புள்ளி. மூன்று வேறு பொருள்களுக்கு இந்த ஒரே சொல்லைப் போடுகிறார்கள். மயிர்த்துளை அடைத்து, வாய் திறந்து, காற்றுப்பட்டு மேலே கறுத்திருப்பது ஒன்று. பரு ஆறிய இடத்தில் தங்கும் கறுப்பு இன்னொன்று. பருத் தழும்பையும் சிலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள். விரலால் தடவிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். கரும்புள்ளி ஊசிமுனையளவு சொரசொரப்பாகத் தட்டுப்படும். பரு விட்டுச்சென்ற கறுப்பு தோலோடு தோலாகச் சமமாக இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியும், விரலுக்குத் தெரியாது. தழும்பில் பள்ளமோ மேடோ இருக்கும்.

அந்த இரண்டாவதற்கு ஏட்டுத் தமிழில் 'அழற்சிக்குப் பிந்தைய மிகைநிறமேற்றம்' என்று எழுதுகிறார்கள். கருத்து சரி. அழற்சி வந்த இடத்தில் தோலுக்கு நிறம் தரும் மெலனின் கூடிவிடுகிறது, மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. ஆனால் இதை எந்த வாயால் சொல்வது? 'பருக்கறை' என்பது என் சொல். கறை நாளாக மங்கும் என்பதும் அதில் அடக்கம். தழும்பு என்றால் போகாது என்று பொருளாகிவிடும். போகக்கூடிய ஒன்றைத் தழும்பு என்று சொல்லி இளம்பிள்ளைகளைக் கலங்கவைப்பது அநியாயம்.

இது வெறும் சொற்சண்டை இல்லை. 'கரும்புள்ளி போக நன்றாகத் தேய்க்கவும்' என்று படித்துவிட்டுப் பீர்க்கங்காய் நாரால் முதுகுக் கறையைத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கத் தோல் அழன்று கறை இன்னும் கறுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கரும்புள்ளிக்கு எண்ணெயில் கரையும் சாலிசிலிக் அமிலம், 2 சதவீதம் வரை. சீழ்ப் பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு. பருவும் கறையும் சேர்ந்திருந்தால் அசெலாயிக் அமிலம் இரண்டுக்கும் உதவும். பரு மருந்தான அடபலீன் பூசுவதென்றால் மருத்துவரைக் கேட்டுத்தான் பூச வேண்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. வெயில் படும் தோளுக்கும் கழுத்துக்கும் சன்ஸ்கிரீன் இல்லாவிட்டால் கறை மங்காது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் தோல் எரிந்து, அந்த எரிச்சலே புதுக் கறையாகும். இத்தனை புட்டியை வாங்கி வைத்திருப்பவருக்கு எது எதற்கு என்று சொல்லும் பொறுப்பு லேபிள் எழுதுபவருடையது.

அவர்களோ 'தோலை உரிக்கும்' என்று எழுதுகிறார்கள். உரிப்பது ஆட்டுத்தோலை. இங்கே நடப்பது மேலே செத்த படலம் மெல்ல உதிர்வது, ஆகவே 'உதிர்க்கும்' என்று எழுத வேண்டும். பென்சாயில் பெராக்சைடு புட்டியில் 'துணிகளை வெண்மையாக்கும்' என்று பார்த்தேன். எச்சரிக்கை விளம்பரமாகிவிட்டது. அந்த இடத்தில் வர வேண்டியது இதுதான்: 'முதுகு, மார்பு, தோளில் வரும் பருவுக்கு. ஈர உடம்பில் தடவி, சில நிமிடம் விட்டு, தேய்க்காமல் கழுவவும். துண்டிலும் சட்டையிலும் பட்டால் சாயம் போய்விடும்.'