வளைவில் ஒழுகும் ஒளி

வாஸ்து பார்த்து மோடத்தை ஈசானிய மூலைக்கு மாற்றினாராம் ஒரு வாசகர். அன்று முதல் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது, ஏன் என்று கேட்கிறார். பெட்டியில் எல்.ஓ.எஸ். (ஒளிச் சமிக்ஞை இழப்பு) விளக்கு சிவப்பாக மினுங்குகிறது என்றும் எழுதியிருக்கிறார். பாதி வேலை அதிலேயே முடிந்தது. வைஃபை கோளாறென்றால் அந்த விளக்கு எரியாது. தெருவிலிருந்து வரும் ஒளியே போதுமான அளவு வந்து சேரவில்லை. வாஸ்துவின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது என்றாலும், திசையைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெட்டியை நகர்த்தியபோது, ஒளியைக் கொண்டுவரும் கண்ணாடி இழை எங்கோ மடங்கியிருக்க வேண்டும். அலமாரிக்குப் பின்னால் பாருங்கள்.

முழு அக எதிரொளிப்பு என்று பள்ளியில் படித்திருப்போம். சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பும் கதிராகப் படம் போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வரும் இழைக்கு அந்தப் படம் போதாது. அதில் ஒளி செல்லும் நடுப்பகுதியான உள்ளகத்தின் விட்டம் சுமார் 9 மைக்ரோமீட்டர்தான். ஒளியின் அலைநீளமோ 1.3 முதல் 1.5 மைக்ரோமீட்டர். அவ்வளவு ஒடுக்கமான பாதையில் ஒளியின் அலைக்குணம் மேலோங்கிவிடுகிறது. அலையின் ஓரம் உள்ளகத்தைத் தாண்டி, சுற்றியிருக்கும் கண்ணாடி உறைக்குள்ளும் கொஞ்சம் பரவியபடியே வருகிறது. இழை நேராக இருக்கும்வரை பாதகமில்லை.

அணிவகுப்பு மூலை திரும்பும்போது வெளி ஓரத்தில் வருபவர் ஓட்டமும் நடையுமாக வந்தால்தான் வரிசை கலையாது. வளைவில் அலையின் வெளியோரத்துக்கும் அதே பாடு. மையத்திலிருந்து விலக விலக அது இன்னும் விரைந்தாக வேண்டும். ஒரு தொலைவுக்கு அப்பால், அந்தக் கண்ணாடியில் ஒளிக்கு இயலும் வேகத்தையே மீற வேண்டிவரும். அது நடக்காது. ஈடுகொடுக்க முடியாத பகுதி பிரிந்து உறைக்குள் வெளியேறிவிடுகிறது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஒளி ஒழுகிப்போகும் இந்த விந்தையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அலைநீளம் கூடினால் ஓரம் மேலும் அகலமாகப் பரவும், ஒழுகலும் கூடும். ஜிபான் என்ற, வீடுகளுக்கு இழைவழி இணையம் தரும் வகை இணைப்பில் வீட்டிலிருந்து போகும் ஒளி 1310 நானோமீட்டர், வீட்டுக்கு வருவது 1490. ஆகவே வளைவில் அதிகம் அடிபடுவது வரும் ஒளிதான். பழுது பார்ப்பவர்கள் 1310, 1550 இரண்டிலும் இழப்பை அளந்து பார்ப்பதும் இதனால்தான். 1550இல் மட்டும் எகிறினால் வளைவு. இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இணைப்பு முனையில் தூசி இருக்கலாம்.

சுமார் 2 மைக்ரோவாட் ஒளி வந்தால்கூடப் பெட்டி சமாளித்துவிடும். அந்த விளிம்பில் நிற்கும் இணைப்பு, அலமாரிக் கதவு இழையைச் சற்று நெருக்கினாலே அறுந்து, கதவைத் திறந்ததும் திரும்பி வரும்.

ஈசானியம்தான் வேண்டுமென்றால் ஜி.657 ஏ2 வகை இழையைக் கேட்டு வாங்குங்கள், 7.5 மி.மீ. ஆர வளைவுவரை தாங்கும். பழைய ஜி.652 இழையை 30 மி.மீ.க்குக் கீழே வளைக்காமல் இருப்பது நல்லது. முனையைக் கழற்றினால் உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத லேசர்.