கர்ப்பக் கார்டின் ஒற்றைக் கோட்டை நம்பிவிடாதீர்கள்

விடியும் முன்பே கம்பம், கூடலூர் பக்கமிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறிவிடும். கம்பம்மெட்டு தாண்டி, இடுக்கி ஏலத்தோட்டங்களில் பொழுது சாயும்வரை வேலை. அவர்களில் ஒருத்திக்கு நாள் தள்ளிப்போகிறது. மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கி வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுச் சாயங்காலம் சோதிக்கிறாள். ஒரே கோடு. ஒன்றுமில்லை என்று மறுநாளும் மலையேறுகிறாள். அது தப்பான முடிவாக இருக்கலாம். ஏலத்துக்கு மருந்தடிக்கும் தோட்டத்தில் நிற்பவளுக்கு இது சின்ன விஷயமில்லை.

கார்டு தேடுவது எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. முட்டை வெளிவந்து சுமார் 6 முதல் 12 நாளில் கரு கர்ப்பப்பைச் சுவரில் பதிகிறது. அதன் பிறகுதான் அந்த ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வரும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். பல கார்டுகளுக்கு ஒரு மில்லிலிட்டரில் 25 மில்லி அலகாவது வேண்டும். இன்று 10 இருந்தால் கோடு விழாது. நாலைந்து நாளில் 40-ஐ நெருங்கும்போது விழும். இரவெல்லாம் தேங்கிய காலைச் சிறுநீரில் ஹார்மோன் அடர்த்தியாக இருக்கும். தண்ணீர் நிறையக் குடித்தால் நீர்த்துவிடும்.

உள்ளே நடப்பது அழகான வேலை. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் காகிதப் பட்டை சிறுநீரை இழுக்கிறது. வழியில் தங்கத் துகள்கள் காத்திருக்கின்றன. ஆமாம், தங்கமேதான்! அவ்வளவு நுண்ணிய துகளானால் தங்கம் மஞ்சளாக இருக்காது, சிவப்பாகத் தெரியும். அதன்மேல் ஒட்டிய எதிர்ப்புரதம் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும். ‘டி’ என்ற இடத்தில் பதித்திருக்கும் இன்னொரு எதிர்ப்புரதம் அதே ஹார்மோனை மறுபக்கம் பிடித்து நிறுத்தும். தங்கம் அங்கே குவிவதுதான் நாம் பார்க்கும் கோடு. ‘சி’ கோடு கார்டு வேலை செய்ததற்குச் சாட்சி. அது விழாவிட்டால் கார்டைத் தூக்கிப்போடுங்கள்.

உறையில் சொன்ன நேரத்துக்குள் மங்கலாக விழுந்தாலும் கோடு கோடுதான். காய்ந்தபின் தெரிவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அந்தக் காலத்தில் “முழுகாமல் இருக்கிறாள்” என்று நாளை எண்ணித்தான் சொன்னார்கள். கார்டு வந்தபிறகும் நாள் கணக்கு முக்கியம். ஒற்றைக் கோடு விழுந்து, தீட்டும் வரவில்லையா? மூன்று நாள் கழித்துக் காலையில் மறுபடி பாருங்கள்.

அப்புறம், இரண்டு கோடு விழுந்தாலும் கரு எங்கே தங்கியிருக்கிறது என்று கார்டுக்குத் தெரியாது. கருக்குழாயில் தங்கினாலும் இதே கோடுகள்தான். அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல் என்றால் அன்றைக்கு ஜீப் ஏறாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்கள்.