காலிப்பருக்குள் ஒளிந்திருக்கும் காற்று

திருவான்மியூரில் என் தம்பி வீடு கடலிலிருந்து மூன்றாவது தெரு. மாடியில் காயப்போட்ட துணிகூட சாயங்காலத்துக்குள் பிசுபிசுக்கும். அவன் பைக் ராத்திரி முழுக்க அந்த உப்புக் காற்றில்தான் நிற்கிறது. போன மாதம் வண்டியைத் தள்ளிப் பார்த்தால் முன்சக்கரம் இறுக்கிப் பிடித்தது. பிரேக் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினாலும் டிஸ்க் கொதித்தது. சரி, டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் காலிப்பரைக் கழற்றிவிடலாம் என்று தெருமுனை மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டோம்.

பேடு என்னும் உரசு கட்டையை டிஸ்க்கில் அழுத்தும் பிஸ்டன்களை வெளியே எடுத்ததும் காரணம் தெரிந்தது. பிஸ்டன் பளபளவென்று நன்றாகவே இருந்தது. ரப்பர் சீல் உட்காரும் பள்ளத்தில்தான் வெள்ளை வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. அலுமினியம் அரித்து வந்த தூள். அது சேரச் சேர சீலைப் பின்னாலிருந்து நெட்டும், சீல் பிஸ்டனை நெரிக்கும்.

இந்தச் சீலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆயில் கசியாமல் தடுப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. அதன் குறுக்குவெட்டு சதுரமாக இருக்கும். பிரேக் பிடிக்கும்போது பிஸ்டன் முன்னால் நகர, அதைப் பிடித்திருக்கும் சீலின் விளிம்பும் கூடவே வளைகிறது. லிவரை விட்டதும் ரப்பர் நிமிர்ந்து, பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுக்கிறது. பேடு டிஸ்க்கை விட்டு விலகுவது அதனால்தான். காலிப்பருக்குள் இதற்கென்று ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பள்ளத்தைச் சுத்தமாகச் சுரண்டி, புதுச் சீலில் பிரேக் ஆயிலையே தடவி மாட்ட வேண்டும். பெட்ரோலோ இன்ஜின் ஆயிலோ பட்டால் அந்த ரப்பர் உப்பிப்போகும்.

எல்லாம் மாட்டி, புது டாட் 4 தரப் பிரேக் ஆயில் ஊற்றி லிவரை அழுத்தினால் அது பஞ்சு மாதிரி ஹேண்டில்பார் வரைக்கும் போனது. முதல் சில அழுத்தங்களில் அப்படித்தான் இருக்கும். உள்ளே தள்ளிய பிஸ்டன்கள் வெளியே வந்து பேடைத் தொடவே அவ்வளவு ஆயில் வேண்டும். அதற்கு அப்புறமும் பஞ்சாகவே இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது.

கொஞ்சம் காற்று ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது? ஒரு கணக்குப் போடுவோம். லிவரின் அழுத்தத்தை வாங்கி ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 12.7 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதன் பரப்பு சுமார் 1.27 சதுர சென்டிமீட்டர். விரல்கள் 10 கிலோ அழுத்தம் கொடுத்து, லிவர் அதை ஆறு மடங்காக்கினால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கு 60 கிலோ கிடைக்கும். பைப்புக்குள் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 47 கிலோ. டயரில் நாம் அடிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் இருபது மடங்குக்கும் மேல். பாஸ்கல் விதிப்படி அந்த அழுத்தம் ஆயில் முழுவதும் குறையாமல் பரவும். திரவம் அநேகமாகச் சுருங்குவதும் இல்லை. காற்றோ நன்றாகச் சுருங்கிவிடும். 1 மில்லி காற்று இந்த அழுத்தத்தில் 0.02 மில்லியாகிவிடும். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் தள்ளும் ஆயிலோ மொத்தம் 1.27 மில்லிதான். அதாவது ஒரு மில்லி காற்று, நம் விரல் செய்த வேலையில் முக்கால் பங்கைத் தின்றுவிடுகிறது.

அப்போது காற்றை வெளியேற்ற வேண்டும். மெக்கானிக்குகள் பிளீடிங் என்பது இதைத்தான். லிவரை அழுத்து, காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் சின்ன முனையான நிப்பிளைத் திற, மூடு, லிவரை விடு. கேட்கச் சுலபம். சிக்கல் எங்கே என்றால், காற்று எப்போதும் மேலே ஏறப் பார்க்கும், நாமோ அதைக் கீழ்நோக்கித் தள்ளுகிறோம். லிவர் மேலே, காலிப்பர் கீழே. பெரிய குமிழி வேகமாக ஏறும். சிறு குமிழிக்கு ஆயிலின் பிசுக்கே பெரிய தடை, அது பைப்பின் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். அவசரப்பட்டு லிவரை டபடபவென்று அடித்தால் பெரிய குமிழி நூறு பொடிக் குமிழிகளாக உடைந்து, நுரையாகிக் காரியம் கெடும். மெதுவாக அழுத்துவதுதான் வேகமான வழி.

நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருப்பதும் இதற்காகவே. காலிப்பர் சாய்ந்து தொங்கினால் உச்சி வேறு இடத்துக்குப் போய்விடும், காற்று அங்கே பதுங்கிக்கொள்ளும். மெக்கானிக் அண்ணன் காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி, நிப்பிள் வானத்தைப் பார்க்கும்படி பிடித்தார். “தம்பி, அதுக்கு வழி காட்டினா அதுவே போயிடும்” என்றார். இரண்டு தட்டு தட்டியதும் நிப்பிளில் மாட்டிய கண்ணாடிக் குழாயில் அரிசி அளவுக் குமிழி ஒன்று ஏறிப் போனது.

இனிதான் இந்த வண்டிக்கே உரிய சிரமம். அது ஹோண்டா 2011-இல் இந்தியாவில் விற்கத் தொடங்கிய சிபிஆர் 250ஆர், அதிலும் சி-ஏபிஎஸ் வகை. இணைப்பு பிரேக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்தது. முன் காலிப்பரில் மூன்று பிஸ்டன்கள். ஓரத்தில் இருக்கும் இரண்டும் கை லிவருக்குக் கட்டுப்பட்டவை. நடுப் பிஸ்டன் கால் பெடலுக்குக் கட்டுப்பட்டது. பின்பிரேக்கை மிதித்தால் முன்சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். ஒரே காலிப்பருக்குள் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு ஆயில் பாதைகள். கை லிவரை எத்தனை முறை அழுத்தினாலும் நடுப் பிஸ்டனில் இருக்கும் காற்று அசையாது. அதற்குப் பெடலை மிதிக்க வேண்டும். பெடல் லைனோ வண்டியின் பின்பாதியிலிருந்து முன்சக்கரம் வரை ஏறி இறங்கி வருகிறது. ஒவ்வொரு மேடும் காற்று தங்கும் திண்ணை. எந்த நிப்பிளை முதலில், எதை அடுத்து என்ற வரிசை வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் அந்த வரிசையைத் தாண்டக்கூடாது.

பழைய மாஸ்டர் சிலிண்டரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தினசரி ஓட்டத்தில் உள்ளே இருக்கும் சீல் பாதி தூரம்தான் போய்வரும். அதைத் தாண்டிய பகுதியில் துரு படிந்திருக்கலாம். பிளீடிங்கில் பெடலை அடிமட்டம் வரை மிதித்தால் சீல் அந்தத் துருவில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வைத்தோம்.

அடுத்து ஏபிஎஸ் யூனிட். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஒவ்வொரு பாதையிலும் இரண்டு வால்வுகள். ஆயில் காலிப்பருக்குப் போகும் வால்வு சாதாரணமாகத் திறந்திருக்கும். வெளியேறும் வால்வு மூடியிருக்கும். சக்கரம் பூட்டப் போகிறது என்று சென்சார் சொன்னால் முதல் வால்வு மூடும், இரண்டாவது திறந்து அழுத்தத்தை ஒரு சின்ன அறைக்குள் விடும். மோட்டார் பம்பு அந்த ஆயிலை எடுத்து லிவர் பக்கமே திருப்பித் தள்ளும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது விரலில் தெரியும் துடிப்பு அதுதான்.

நாம் செய்யும் பிளீடிங்கில் ஆயில் திறந்த வால்வு வழியாக மட்டும் ஓடும். மூடிய வால்வுக்கு அப்பால் இருக்கும் அறையை அது தொடுவதே இல்லை. அங்கே காற்று இருந்தாலும் லிவர் கல் மாதிரி இருக்கும், எல்லாம் சரியென்று நாமும் நினைப்போம். பிறகு ஒருநாள் மழையில், சிக்னலில் யாரோ குறுக்கே வர, ஏபிஎஸ் முதல் தடவை துடிக்கும். பம்பு அந்தக் காற்றை வாரி முக்கியப் பாதைக்குள் கொட்டும். அந்த நொடியில் லிவர் பஞ்சாகும்.

காலிப்பரை மட்டும் பிரித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: வால்வு மூடியே இருப்பதால் காற்று தானாக அந்த அறைக்குள் போகாது. பைப்பில் காற்று இருக்கும்போது ஏபிஎஸ் இயங்கினால்தான் போகும். சில வண்டிகளில் சக்கரம் உருளத் தொடங்கியதும் யூனிட் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு பம்பை ஒரு கணம் ஓட்டும். ஆகவே முதல் பிளீடிங் முடியும்வரை சாவியைத் திருப்பவே கூடாது. அறைக்குள்ளும் ஆயில் மாற வேண்டுமென்றால், ஸ்கேன் கருவி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் வால்வையும் பம்பையும் கம்ப்யூட்டரால் இயக்கிக்கொண்டே பிளீட் செய்வார்கள்.

நிப்பிளில் வேக்குவம் பம்பு வைத்து இழுப்பவர்களுக்கு ஒன்று. குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் பதற வேண்டாம். நிப்பிளின் மரையைச் சுற்றி வெளிக்காற்றே உள்ளே இழுக்கப்படுகிறது. அதை நம்பி இரண்டு பாட்டில் ஆயிலைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி லிவரைத் துணியால் ஹேண்டில்பாரோடு இறுக்கிக் கட்டிவைத்தோம். அழுத்தத்தில் சுவரில் ஒட்டிய குமிழி சுருங்கும், சுருங்கியது பிடியை விடும், கொஞ்சம் ஆயிலிலேயே கரையும். காலையில் லிவரை விடும்போது மேலே வந்து சேர்ந்த காற்று லிவர் பக்கத்துப் பிரேக் ஆயில் டேங்கில் சின்னக் கொப்புளமாக வெடிக்கும். பெயின்டில் சிந்திய ஆயிலைத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும், ஆனால் தண்ணீரோடு சுலபமாகக் கலக்கும். அதே குணத்தால்தான் சென்னைக் காற்றின் ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்த பிறகு 155 டிகிரி தாங்கினாலே போதும் என்கிறது அதே தர விதி. கொதித்தால் ஆவி. ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருந்த ஆயிலை மறுபடி ஊற்ற வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ஆளில்லாத மண் தரையில் தம்பி வண்டியை மெதுவாக ஓட்டி, பின்பிரேக்கை அழுத்தி மிதித்தான். ஏபிஎஸ் கரகரவென்று துடித்தது. முன்பிரேக்கிலும் அதேபோல. நான்கு தடவை. வீட்டுக்கு வந்து மறுபடி ஸ்பானரை எடுத்தோம். கை லிவர் லைனில் ஒன்றும் இல்லை. பெடல் லைனில், நடுப் பிஸ்டன் நிப்பிளில், கடுகளவு இரண்டு குமிழிகள் வந்தன. மூன்றாவது வருகிறதா என்று கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். வரவில்லை. நிப்பிளை முறுக்கி ரப்பர் மூடியைப் போட்டான்.