வளையம் திறக்கும்போது வெளிப்படும் வெப்பம்

மூன்று கார்பன் வளையமான சைக்ளோபுரோப்பேனின் வளைய இறுக்க ஆற்றல், அதாவது பிணைப்புகள் இயல்பான கோணத்திலிருந்து வளைக்கப்பட்டதால் உள்ளே தேங்கியிருக்கும் ஆற்றல், மோலுக்குச் சுமார் 115 கிலோஜூல். நான்கு கார்பன் வளையமான சைக்ளோபியூட்டேனுக்கு அது சுமார் 110. எத்திலீன் ஆக்சைடு என்னும் எளிய எபாக்சைடும் (இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோண வளையம்) இவற்றை ஒட்டியே இருக்கிறது. எண்களை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒரே குணமுள்ளவை என்று தோன்றும். ஆய்வுக்கூடத்தில் நிலைமை வேறு. எபாக்சைடை ஓர் அமீன், அதாவது நைட்ரஜன் கொண்ட கரிமச் சேர்மம், எளிதாகத் திறந்துவிடுகிறது. மற்ற இரண்டையும் அதே அமீனுடன் நாள் முழுக்கச் சூடாக்கினாலும் அவை அசைவதில்லை.

வினைகளைக் கண்ணாடிக் குடுவையிலிருந்து பெரிய கலனுக்குக் கொண்டுபோகும் பணியில் இருப்பவன் என்ற முறையில், இந்த வேறுபாட்டை இளைய வேதியியலாளர்களிடம் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறேன். இறுக்க ஆற்றல் எவ்வளவு ஆற்றல் தேங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும். அது எப்போது, எந்த வழியாக, எவ்வளவு வேகத்தில் வெளியேறும் என்பதைச் சொல்லாது. அணையின் நீர்மட்டம் வேறு, மதகு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் பல வினைகள் தோற்றுப்போகின்றன. சில வினைகள் கைமீறியும் போகின்றன.

1885இல் அடோல்ஃப் ஃபான் பேயர் இந்த இறுக்கத்துக்கு விளக்கம் தந்தார். நான்முகிக் கார்பன் விரும்பும் கோணம் 109.5 டிகிரி. முக்கோண வளையத்தில் அது 60 டிகிரிக்குள் அடைபட வேண்டியிருக்கிறது. அதற்குச் சற்று முன்புதான், அவருடைய மியூனிக் ஆய்வுக்கூடத்தில் இளைய பெர்க்கின் சிறு வளையங்களைத் தயாரித்துக் காட்டியிருந்தார். அப்படிப்பட்ட வளையங்கள் உருவாகவே முடியாது என்று பலர் எண்ணியிருந்த காலம் அது.

மதகு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கியூபேனைவிட நல்ல சான்று கிடையாது. 1964இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பிலிப் ஈட்டனும் தாமஸ் கோலும் உருவாக்கிய கனசதுர மூலக்கூறு அது. அதன் இறுக்கம் மோலுக்கு 650 கிலோஜூலையும் தாண்டும். ஆனாலும் அது அறை வெப்பநிலையில் படிகமாக அமைதியாக இருக்கிறது. சிதைவதற்கு 200 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் தேவைப்படுகிறது. அவ்வளவு ஆற்றல் இருந்தும் அது இறங்கிவர எளிய பாதை இல்லை.

ஆகவே சிறு வளையத்தைக் கட்டுமானப் பொருளாக எடுத்துக்கொள்பவர் முதலில் பார்க்க வேண்டியது, உடையவிருக்கும் பிணைப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத்தான். எபாக்சைடில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துவைத்திருக்கிறது, வளையம் திறந்ததும் எதிர்மின்சுமையைத் தாங்கிக்கொள்ளவும் செய்கிறது. சாதாரண சைக்ளோபுரோப்பேனுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அதன் ஒரு கார்பனில் எலக்ட்ரானை வழங்கும் தொகுதியையும் அடுத்த கார்பனில் இரண்டு எஸ்டர்களையும் பொருத்தி, எலக்ட்ரான் இணையை ஏற்கும் ஒரு லூயிஸ் அமிலத்தையும் சேர்த்துப் பாருங்கள். அசையாமல் கிடந்த வளையம் திறந்து, ஆல்டிஹைடுடன் இணைந்து ஐந்தணு வளையமாகிவிடும். இறுக்கம் பெரிதாக மாறவில்லை. பிணைப்பு முனைவுற்றதுதான் மாற்றம்.

எபாக்சைடு எந்தக் கார்பனில் திறக்கும் என்பதும் நிபந்தனையைப் பொறுத்தது. காரச் சூழலில் கருக்கவர் பொருள் (அமீனைப் போல எலக்ட்ரான் இணையை வழங்கித் தாக்குவது) நெரிசல் குறைந்த கார்பனைப் பின்புறமிருந்து தாக்குகிறது. அமிலச் சூழலில் நேர்மின்சுமையைத் தாங்கவல்ல, அதிகப் பதிலீடு பெற்ற கார்பன் முந்திக்கொள்ளலாம். இதய மருந்தான புரோப்ரனலாலின் தொகுப்பு இதற்கு அழகான பாடம். 1-நாஃப்தாலிலிருந்து (naphthol) கிடைக்கும் அயனி, குளோரின் ஏந்திய எபாக்சைடான எபிகுளோரோஹைட்ரினின் வளையத்தைத் திறக்கிறது. விடுபட்ட ஆக்சிஜன் குளோரைடை வெளியேற்றி மறுமுனையில் புதிய எபாக்சைடாக மூடிக்கொள்கிறது. அதை ஐசோபுரோப்பைல் அமீன் மறுபடி திறக்கிறது. மூன்றே கார்பன்கள், இருமுறை பயன்பட்ட இறுக்கம்.

கைரல் எபாக்சைடு, அதாவது ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரு வடிவங்களில் ஒன்று மட்டும், வேண்டுமென்றால் 1980இல் ஷார்ப்லெஸ் தந்த வழி அல்லைல் ஆல்கஹால்களுக்குப் பொருந்தும். முனையிலுள்ள எபாக்சைடுகளுக்கு நான் அதிகம் மதிப்பது 1997இல் ஜேக்கப்சன் குழு வெளியிட்ட கோபால்ட் வினையூக்கி முறை. அந்தக் கண்ணாடி பிம்ப வடிவங்களான இரண்டு எதிர்வேற்றுருக்களில் ஒன்றை மட்டும் தண்ணீர் திறக்கிறது, மற்றது எபாக்சைடாகவே மிஞ்சுகிறது. பாதி இழப்பு என்று முகம் சுளிப்பவர்கள், உடன் கிடைக்கும் டையாலும் (இரண்டு ஆல்கஹால் தொகுதிகள் கொண்ட பொருள்) கைரல் பொருள்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இறுக்கத்தைத் துணிச்சலாகப் பயன்படுத்திய அண்மைக்கால உதாரணம் புரோப்பெல்லேன். 1982இல் கென்னத் வைபர்க் குழு தயாரித்த அந்த ஐந்து கார்பன் மூலக்கூறின் இறுக்கம் 400 கிலோஜூலுக்கு மேல். 2016இல் ஃபில் பாரன் குழு அதன் நடுப் பிணைப்பை மக்னீசியம் அமைடுகளால் திறந்து, நைட்ரஜனை நேரடியாக அதில் சேர்த்தது. இப்படி உருவாகும் இருவளையக் கூண்டு, மருந்து மூலக்கூறுகளில் பென்சீன் வளையத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு கரைதிறனைக் கூட்டவல்லது. புரோப்பெல்லேனைப் பொதுவாக ஈதரில் கரைசலாகவே வைத்திருப்பார்கள். புத்தியுள்ள வழக்கம் அது.

இனி, வெப்பம். எபாக்சைடு ஒன்றை அமீன் திறக்கும்போது மோலுக்குச் சுமார் 100 கிலோஜூல் வெளியாகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கரிமக் கரைப்பானை ஒரு டிகிரி சூடாக்க 1.7 கிலோஜூல் போதும். லிட்டருக்கு 2 மோல் செறிவில் வினை முழுதும் ஒரேயடியாக நடந்து, வெப்பம் வெளியேற வழியில்லாமல் போனால் வெப்பநிலை ஏறத்தாழ 120 டிகிரி உயரும். 20 டிகிரியில் தொடங்கியது 140ஐத் தொடும். அதற்குள் கரைப்பான் கொதித்துப் பொங்கியிருக்கும். மிஞ்சிய எபாக்சைடு தன்னோடு தானே சேர்ந்து பல்லுறுப்பாகத் தொடங்கினால் மேலும் வெப்பம் வரும்.

ஐம்பது மில்லிலிட்டர் குடுவையில் இது கண்ணுக்கே தெரியாது, சுவர் வழியாக வெப்பம் வெளியேறிவிடும். கலன் பெரிதாகும்போது கொள்ளளவு வேகமாகக் கூடுகிறது, குளிர்விக்கும் பரப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் என்னிடம் வரும் செய்முறைகளில் என்னை அதிகம் கவலைப்படுத்தும் வரி, "0 டிகிரியில் எபாக்சைடு முழுவதையும் சேர்த்து, பின் மெல்லச் சூடாக்கவும்" என்பது. குளிர் பாதுகாப்பு அல்ல. குளிரில் வினை நடக்காமல் பொருள் முழுதும் கலனில் தேங்கி நிற்கும். சூடேறியதும் மொத்தமும் ஒன்றாகப் புறப்படும். வினை உடனுக்குடன் நடக்கக்கூடிய வெப்பநிலைக்குக் கலனைக் கொண்டுவந்து, எபாக்சைடைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே சரி. சேர்ப்பதை நிறுத்தினால் வெப்பமும் சற்றுநேரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே ஏதோ தேங்கியிருக்கிறது. அதைக் கலோரிமீட்டரில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். அமிலம், காரம், துரு போன்ற சுவடுகள்கூடப் பல்லுறுப்பாதலைத் தூண்டும் என்பதால், முந்தைய வினையின் எச்சம் கலனில் இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

எத்திலீன் ஆக்சைடு தனி எச்சரிக்கைக்கு உரியது. கொதிநிலை 10.7 டிகிரி. அதன் ஆவி காற்றில் 3 சதவீதத்திலிருந்து தீப்பற்றும். தூய ஆவி காற்றே இல்லாமலும் வெடித்துச் சிதையவல்லது. நைட்ரஜன் போர்வை இருக்கிறதே என்று நிம்மதி அடைவதற்கில்லை. ஆவியைப் போதிய அளவு நீர்க்கச் செய்யும் நைட்ரஜன் அங்கே இருக்க வேண்டும்.

நம் உடலும் கருக்கவர் பொருள்களால் ஆனதுதான். டிஎன்ஏயின் நைட்ரஜன்கள் எபாக்சைடையும், ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன் அமைந்த முக்கோண வளையமான அசிரிடினையும் குடுவையில் இருக்கும் அமீனைப் போலவே திறக்கின்றன. தயோடெபா, மைட்டோமைசின் போன்ற புற்றுநோய் மருந்துகள் அசிரிடின் வளையத்தால் செயல்படுவது இதனால்தான். எத்திலீன் ஆக்சைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையான ஐஏஆர்சி வகைப்படுத்தியிருப்பதும் இதனால்தான். எபிகுளோரோஹைட்ரினைக் கையாளும்போது மெல்லிய நைட்ரைல் கையுறையை நம்பாதீர்கள், அந்தத் திரவம் அதை விரைவில் ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் அணியுங்கள்.

இறுதி மருந்தில் எபாக்சைடு மாசு எஞ்சினால் அது பெரும்பாலும் மரபணுவைப் பாதிக்கும் மாசாகவே கருதப்படும். நீண்டகாலம் உட்கொள்ளும் மருந்துக்கு, மரபணுவைப் பாதிக்கும் மாசுகள் பற்றிய பன்னாட்டு வழிகாட்டுதலான ஐசிஎச் எம்7இன் பொது வரம்பு நாளொன்றுக்கு 1.5 மைக்ரோகிராம். இறுதிப் படியில் எபாக்சைடை வைப்பதைவிட, தொடக்கப் படிகளில் வைத்து, அடுத்தடுத்த படிகமாக்கல்களில் அது கழிந்துபோகும்படி பாதையை அமைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். வினை முடிந்ததும் கரைப்பானை ஆவியாக்கும் முன் எஞ்சிய எபாக்சைடை அளந்து பாருங்கள். இருந்தால் ஓர் எளிய அமீனைக் கொண்டு அதை முழுதும் திறந்துவிட்டு, மறுபடி அளந்த பிறகே வெற்றிடத்தைத் திறந்துவிடுங்கள்.